பதினேழாம் நாள்

அப்பா போன அன்று எங்கள் வாசலில் கால் வைக்க இடமில்லாமல் செருப்புகள் கிடந்தன. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல்காரர் கடைசி நாற்காலியையும் வண்டியில் ஏற்றிப் போன மறுநாள், அம்மாவுடையதும் என்னுடையதும் மட்டும்.

துக்கம் விசாரிக்க வந்த எல்லாரும் "மனசைத் தேத்திக்க" என்றார்கள். எப்படி என்று யாரும் சொல்லவில்லை. அம்மா அழவும் இல்லை. அவளுக்கு வேலை இருந்தது. இறப்புச் சான்றிதழை முப்பது ஜெராக்ஸ் எடுத்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டாள். வாரிசுச் சான்றிதழ், பென்ஷன், பேங்க், கேஸ், ரேஷன் கார்டில் பேர் நீக்கம். "அவர் எப்போ தவறினார்?" என்று கவுன்டருக்குக் கவுன்டர் கேட்டார்கள். தடுமாறாமல் தேதியைச் சொன்னாள். நாலாவது மாதம் கரண்ட் இணைப்பும் அவள் பேருக்கு மாறியது. பையில் இரண்டு ஜெராக்ஸ் மிச்சம். அன்று ராத்திரிதான் நெஞ்சை அடைக்கிறது என்றாள்.

இ.சி.ஜி. சரியாக இருந்தது. வாயு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நம் ஊரில் துக்கம் பாதி நேரம் உடம்பு வழியாகத்தான் பேசும்: கை கால் குடைச்சல், சோறு இறங்காமை, விடிகாலை மூன்று மணி விழிப்பு. அதற்காக நெஞ்சுவலியை அலட்சியம் செய்துவிடவும் முடியாது. பேரதிர்ச்சியில் இதயத்தின் இடது கீழறை தற்காலிகமாக உப்பிப்போவதுண்டு. 1990-ல் ஜப்பானிய மருத்துவர்கள் அதற்கு 'டகோட்சுபோ' என்று பேர் வைத்தார்கள். ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் பேர் அது.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர்தான், "வீட்டுல யாரும் தவறினாங்களாம்மா?" என்று கேட்டார். அம்மா அங்கேதான் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.

துக்கத்துக்கு ஐந்து படிகள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதை எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் எழுதியது சாவை எதிர்நோக்கி இருந்த நோயாளிகளிடம் பேசித்தான். இழந்தவர்களுக்கு அதைப் பிறகு பொருத்தினார்கள். எனக்குப் பொருத்தமாகப் படுவது, 1999-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஸ்ட்ரோபும் ஷூட்டும் சொன்னது: மனம் இழப்புக்கும் அன்றாடத்துக்கும் நடுவே ஊஞ்சல் போல் போய்வரும். அம்மாவின் ஊஞ்சல் ஒரே பக்கத்தில் மாட்டிக்கொண்டிருந்தது.

எப்போது துக்கம் நோயாகிறது? உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 பட்டியல் ஆறு மாதம் என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022-ல் பெரியவர்களுக்கு ஓராண்டு என்று வைத்தது. தலைதிவசம் வரை பண்டிகை இல்லை என்ற நம் கணக்கும் அதேதான். ஆனால் தூக்கம் அறவே போனாலோ, "நானும் போயிடறேன்" என்ற பேச்சு வந்தாலோ நாள் எண்ணக் கூடாது. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி-மானஸ் எண் 14416. எந்நேரமும் தமிழில் பேசலாம்.

ஒப்பாரியை நாம் மைக்செட்டிடம் விட்டுவிட்டு நாளாகிறது. அம்மாவுக்கு அந்த டாக்டரின் மருந்து நடந்துகொண்டிருந்தபோது அத்தை ஊரிலிருந்து வந்தாள். "மதினி, எங்கண்ணன் உங்களைக் கொஞ்சமாவா படுத்துனாரு?" என்று ஆரம்பித்தாள். அப்பாவின் முன்கோபம், சீட்டுப் பணத்தைத் தொலைத்தது, கல்யாணத்துக்குப் போன இடத்தில் சண்டை போட்டது என்று எல்லாம் வெளியே வந்தது. அம்மா சிரித்தாள், திட்டினாள், அழுதாள். இத்தனை நாளும் அவரைத் திட்ட அவளுக்கு ஆள் துணை இல்லாமல் போயிருக்கிறது.

இது ஒன்பதாவது மாதம். மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். நேற்று போனில், "அப்பா நம்பருக்கு ரீசார்ஜ் முடியுதாம், மெசேஜ் வந்துச்சு" என்றாள்.

போட்டுவிட்டேன்.