குடமும் கணக்கும்



தண்டவாளத்தினின்று சக்கரம் விலகாமல் காப்பது அதன் உள்விளிம்பு. எங்கள் போத்தனூர்ச் சந்திப்பில் இரயில்வே ஊழியர் அதனை ஃபிளேஞ்ச் என்பர். ஒலிநாடாச் சுருளின் விளிம்புக்கும் அதுவே பெயர். ஒரே இசையை இரு நாடாக் கருவிகளில் ஒருங்கே ஓடவிட்டு, ஒரு சுருளின் விளிம்பை விரலால் மெல்ல அழுத்தினால், அது சற்றே பின்தங்கும். இரண்டும் கலக்கையில், ஜெட் விமானம் கடப்பது போன்ற ஒலி பிறக்கும். அதனை மின்சுற்றால் உண்டாக்குவதே கிதார் கலைஞரின் ஃபிளேஞ்சர்.

காரணம் யாது? தாமதம் ஒரு மில்லி விநாடி எனக் கொள்வோம். இரு ஒலிகளையும் சம அளவில் கலந்தால், விநாடிக்கு 500, 1,500, 2,500 அதிர்வுடைய பகுதிகளில் முகடும் பள்ளமும் சந்தித்து அழியும். 1,000, 2,000 அதிர்வுடையவை வலுக்கும். தாமதம் மாற மாற, அழியும் இடங்களும் நகரும். அந்நகர்வையே செவி உணர்கிறது.

மின்சுற்றில் தாமதத்தை உண்டாக்குவது எங்ஙனம்? சோளத்தட்டுப் போர் தீப்பற்றினால், கிணற்றிலிருந்து வரிசையாக நின்று குடங்களைக் கைமாற்றுகிறோம் அல்லவா? அனலாக் சுற்றில் மின்தேக்கிகள் அவ்வாறே மின்னூட்டத்தைக் கைமாற்றுகின்றன. பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தின் சாங்ஸ்டர், டீர் இருவரும் இம்முறையை 1969 இல் வெளியிட்டனர். 1,024 படிகள் கொண்ட சுற்றில், துடிப்புக்கு இரண்டு படியாக விநாடிக்கு 1,00,000 துடிப்பு எனில், தாமதம் ஏறத்தாழ 5 மில்லி விநாடி. துடிப்பின் வேகத்தை மாற்றினால் தாமதமும் மாறும்.

டிஜிட்டல் முறையோ ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து, எண்களாக நினைவகத்தில் எழுதிவைக்கும். 5 மில்லி விநாடிக்குச் சுமார் 220 எண்கள். எழுதும் இடத்திற்கும் படிக்கும் இடத்திற்கும் உள்ள தொலைவை மாற்றினால் தாமதம் மாறும்.

பணியிலிருந்த காலத்தில், “அனலாக் என்றால் அறுபடாத ஓட்டம், டிஜிட்டல் என்றால் துண்டு துண்டு” என்று வகுப்பில் கற்பித்துவிட்டு, இக்குட உவமையையும் கூறினேன். மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, குடங்களும் தனித்தனிதானுங்களே?” என்றான். விடையின்றி நின்றேன். அவன் கூற்றே சரி. இச்சுற்றுகள் இரண்டும் காலத்தைத் துண்டாக்குகின்றன. வேறுபாடு, துண்டிலே வைக்கும் பொருளில்தான் உள்ளது. குடத்தில் நீரே செல்கிறது; கைமாறுந்தோறும் சிறிது சிந்தும்; இரைச்சலும் சேரும். அம்மங்கலையே இனிமை என விரும்புவோரும் உளர். எண்ணில் நீரின் கணக்கு மட்டுமே செல்கிறது. அது வழியில் சிந்தாது. ஆனால் 16 பிட் அளவையில் 65,536 படிகளே உண்டாதலின், அளக்கும்போதே நுண்பகுதி விடுபடும்.

எது சிறந்தது என வினவுமுன், எங்கே எதனை இழக்கிறோம் என வினவுங்கள். அவ்வினாவை எனக்குக் கற்பித்தவன் என் மாணவனே.