கிராபிக்ஸ் டிரைவரைப் பழையதாக்கும் தானியங்கி அப்டேட்: காரணமும் தடுப்பும்

லேப்டாப் திரையில் படம் தெரியச் செய்வது கிராபிக்ஸ் சில்லு. அந்தச் சில்லை விண்டோஸ் இயக்குவதற்கு உதவும் மென்பொருள்தான் கிராபிக்ஸ் டிரைவர். இன்டெல், என்விடியா, ஏஎம்டி ஆகிய நிறுவனங்கள் குறைகளைத் திருத்திப் புதிய டிரைவர்களை அடிக்கடி வெளியிடுகின்றன. அப்படி ஒன்றை இறக்கி நிறுவிய பிறகு, உரிமையாளரைக் கேட்காமலே விண்டோஸ் அப்டேட் அதன்மேல் பழைய பதிப்பைப் போட்டுவிடுவது உண்டு. 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வெளிவந்த சமயத்திலேயே என்விடியா பயனர்கள் இப்படிப் புகார் செய்தார்கள். பிற்பாடு ஏஎம்டியின் மென்பொருளே, டிரைவரை விண்டோஸ் அப்டேட் மாற்றியிருக்கலாம் என்று பயனருக்கு எச்சரிக்கை காட்டத் தொடங்கியது.

புதியதைப் பழையது எப்படி வெல்கிறது? விண்டோஸ் முதலில் பார்ப்பது தேதியை அல்ல. ஒவ்வொரு சில்லுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அதன் குறுகிய வடிவம் சில்லைச் செய்த நிறுவனத்தையும் மாடலையும் மட்டும் குறிக்கும். நீண்ட வடிவமோ அது எந்த நிறுவனத்தின் எந்த லேப்டாப் வரிசையில் பொருத்தப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லும். டெல், ஹெச்பி, லெனோவா போன்ற தயாரிப்பாளர்கள் வழியாக வரும் டிரைவர் நீண்ட எண்ணோடு பொருந்தும்படி எழுதப்பட்டிருக்கும். சில்லு நிறுவனத்தின் தளத்தில் கிடைப்பது பெரும்பாலும் குறுகிய எண்ணோடுதான் பொருந்தும். இரண்டுக்கும் டிஜிட்டல் கையொப்பம் சரியாக இருந்தால், நெருக்கமாகப் பொருந்துவதற்கே முதலிடம். பொருத்தத்தில் சமமானால்தான் தேதியும், அதன் பிறகு பதிப்பு எண்ணும் கணக்கில் வரும். ஆகவே ஓராண்டு பழைய டிரைவர்கூட நேற்று வந்ததை முந்திவிடுகிறது.

இந்த முறைக்கு ஒரு நியாயமும் இருக்கிறது. இரண்டு கிராபிக்ஸ் சில்லுகள் உள்ள லேப்டாப்பில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுவது, திரையின் வெளிச்சம், தூக்கநிலை ஆகியவற்றைத் தயாரிப்பாளரே சோதித்துத் தருகிறார். எல்லாம் ஒழுங்காக ஓடும் கணினியில் டிரைவரைத் தொடாமல் இருப்பதே நல்லது. ஆனால் வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வரைகலை போன்ற வேலைக்காகத் தெரிந்தே புதிய பதிப்பைப் போட்டவரின் முடிவைக் கணினி மாற்றுவது சரியல்ல. எந்த டிரைவர் ஓட வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டியவர் கணினியின் சொந்தக்காரர்.

மாற்றம் நடந்ததா என்று கண்டறிவது எளிது. ‘டிவைஸ் மேனேஜ’ரில் ‘டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்’ பகுதியைத் திறந்து, சில்லின் பெயரை இருமுறை அழுத்தி, ‘டிரைவர்’ தாவலுக்குப் போனால் தேதியும் பதிப்பும் தெரியும். என்விடியா என்றால் கடைசி ஐந்து இலக்கங்களைப் பார்க்க வேண்டும்: 32.0.15.6094 என்று இருந்தால் அது 560.94 பதிப்பு. தேதி 2006 ஜூன் 21 என்று காட்டினால், ஓடுவது மைக்ரோசாஃப்ட்டின் அடிப்படை டிரைவர். மற்றவர்களின் டிரைவர் எப்போதும் முந்த வேண்டும் என்பதற்காகவே மைக்ரோசாஃப்ட் தன் டிரைவர்களுக்கு அந்தப் பழைய தேதியை வைத்திருக்கிறது. அப்டேட் வரலாற்றில் ‘டிரைவர் அப்டேட்ஸ்’ பட்டியல் எந்த நாளில் என்ன நுழைந்தது என்று சொல்லும். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டால் பின்னால் சான்றாகப் பயன்படும்.

முதல் தீர்வு, அதே தாவலில் உள்ள ‘ரோல் பேக் டிரைவர்’ பொத்தான். அது மங்கியிருந்தால் இணையத்தைத் துண்டித்து, பழைய டிரைவரை அதன் கோப்புகளோடு நீக்கி, முன்பே இறக்கி வைத்த புதியதை நிறுவ வேண்டும். இணையம் இருக்கும்போதே நீக்கினால் விண்டோஸ் உடனே பழையதைத் தேடி எடுத்துவிடும்.

நிலையான தடுப்புக்கு, ப்ரோ பதிப்பின் குரூப் பாலிசியில் விண்டோஸ் அப்டேட் பகுதிக்குள் ‘டூ நாட் இன்க்ளூட் டிரைவர்ஸ் வித் விண்டோஸ் அப்டேட்ஸ்’ என்ற விதியை இயக்கலாம். கடைகளில் அதிகம் விற்கும் ஹோம் பதிப்பில் குரூப் பாலிசி கிடையாது. ‘டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ்’ என்ற இடத்தில் ‘நோ’ என்பதைத் தேர்ந்தெடுப்பதே அங்கு எளிய வழி. அதுவும் போதாமல் ரெஜிஸ்ட்ரியில் கைவைப்பதானால், முன்னதாக ரீஸ்டோர் பாயின்ட் ஒன்றை உருவாக்கிவிட வேண்டும். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கும் வீட்டில் இணைப்பை ‘மீட்டர்ட்’ என்று குறித்து வைப்பதும் உதவும். என்விடியா டிரைவர் ஒன்றே 500 எம்பியைத் தாண்டுவதால், அன்றைய டேட்டாவும் மிஞ்சும்.

கவனிக்க வேண்டியது: அந்த குரூப் பாலிசி விதி எல்லா டிரைவர்களையும் நிறுத்தும், பிரிண்டர், வைஃபை, கிராபிக்ஸ் எதற்கும் பாதுகாப்புத் திருத்தம் தானாக வராது. கிராபிக்ஸ் டிரைவர்களில் பாதுகாப்பு ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுவது வழக்கமானது. அவை குறித்து இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பும் எச்சரிக்கை வெளியிடுகிறது. டிரைவர்களை நிறுத்தியவர் தயாரிப்பாளரின் தளத்தைத் தாமே அவ்வப்போது பார்த்தாக வேண்டும். விண்டோஸ் அப்டேட்டையே முழுதாக முடக்குவதோ கூடவே கூடாது.

இதைவிடப் பெரிய ஆபத்து, ‘உங்கள் டிரைவர் பழையது’ என்று பயமுறுத்திப் பணம் கேட்கும் போலி மென்பொருள்கள். உண்மையான டிரைவருக்கு மூன்று சில்லு நிறுவனங்களும் காசு வாங்குவதில்லை. கணினியில் வைரஸ் என்று பொய்யாகப் பயமுறுத்திப் பணம் பறிப்பது, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் பட்டியலிடும் 13 ஏமாற்று உத்திகளில் ஒன்று. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

உத்தரவாதக் காலத்தில் அப்டேட்டுக்குப் பிறகு திரை கெட்டு, விற்றவரோ தயாரிப்பாளரோ கைவிரித்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 துணைக்கு வரும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர 34-ஆம் பிரிவு இடம் தருகிறது. தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னக்காயலில் வசிப்பவருக்கு அது தூத்துக்குடி ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளம் வழியே வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். ரசீது, உத்தரவாத அட்டை, அப்டேட் வரலாற்றின் படம், சேவை மையத்துக்கு எழுதிய மின்னஞ்சல் ஆகியவற்றை இணைக்க வேண்டும். குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும்.