பாறை ஏறுவோருக்கு முன்னங்கைதான் மூலதனம்!

"மூச்சு வாங்கல, கால் வலிக்கல. ஆனா கை மட்டும் கல்லாயிடுது, பிடி நழுவுது." பாறையேற்றம் பழகத் தொடங்கும் பலரும் சொல்லும் புகார் இது. கர்நாடகத்தின் பதாமியிலுள்ள செம்மணற்பாறையானாலும், நகரத்துப் பயிற்சிக்கூடத்தின் செயற்கைச் சுவரானாலும் கதை ஒன்றுதான். ஏறுபவர்கள் இதை 'பம்ப்' என்பார்கள். கையில் வலு போதவில்லை என்று நினைத்து, மறுநாளே புல்-அப் எண்ணிக்கையைக் கூட்டுபவர்கள் அதிகம். உண்மையில் கூட்ட வேண்டியது முன்னங்கையின் தாங்குதிறனை.

கை ஏன் கல்லாகிறது?

இடது முன்னங்கையின் உட்புறத்தை வலது கையால் பிடித்துக்கொண்டு, இடது விரல்களை மடக்கிப் பாருங்கள். தோலுக்கடியில் தசை நெளிவது தெரியும். விரலை மடக்கும் தசை விரலுக்குள் இல்லை. முக்கியமான தசைகள் முன்னங்கையில் இருந்துகொண்டு, நீண்ட தசைநாண்கள் வழியாக விரலை இழுக்கின்றன.

தசை இறுகும்போது அதனுள் ஓடும் ரத்தக் குழாய்களும் நெரிபடும். முழுப் பலத்தில் பாதிக்கும் மேல் செலவழித்துப் பிடித்தால் ரத்த ஓட்டம் பெருமளவு தடைபடும். ஆக்சிஜன் குறையும், கழிவுகள் தேங்கும், முன்னங்கை வீங்கி இறுகும். பிடியைத் தளர்த்தும் அந்த ஓரிரு நொடியில்தான் ரத்தம் மீண்டும் பாயும். அந்த நொடிகளைத் தசை எவ்வளவு நன்றாகப் பயன்படுத்துகிறது என்பதே தாங்குதிறன்.

முதல் படி: மெதுவாக, நீண்ட நேரம்

உங்களால் ஏற முடிந்ததைவிட மிக எளிதான பாதையில், தரையில் கால் வைக்காமல் 20 முதல் 30 நிமிடங்கள் தொடர்ந்து ஏறுங்கள்; பக்கவாட்டிலும் நகரலாம். முன்னங்கையில் லேசான சூடு தெரியலாம், இறுக்கம் கூடாது. பேசிக்கொண்டே ஏற முடிந்தால் வேகம் சரி. வாரம் இரண்டு முறை, சில வாரங்கள் செய்துவந்தால் தசையில் நுண் ரத்தக் குழாய்கள் பெருகும். சலிப்பூட்டும் பயிற்சிதான், ஆனால் இதைத் தாண்டிப் போனவர்கள் பின்னால் இதற்கே திரும்பி வருகிறார்கள்.

அடுத்த படி: இடைவெளிப் பயிற்சி

அடித்தளம் அமைந்த பிறகு 'நாலுக்கு நாலு' முறைக்கு வரலாம். உயரம் குறைந்த, ஓரளவு கடினமான நான்கு பாதைகளை ஓய்வின்றி அடுத்தடுத்து ஏற வேண்டும். பிறகு நான்கு நிமிட ஓய்வு. இப்படி நான்கு சுற்று. கடைசிச் சுற்றில் திணறினால் போதும். முதல் சுற்றிலேயே விழுந்தால், எளிய பாதைகளுக்கு மாறுங்கள்.

விரலால் தொங்கிப் பழகும் பலகையான ஹேங்போர்டில் 7 நொடி தொங்கி 3 நொடி விடுவதை ஆறு முறை செய்வது இன்னொரு வழி. ஓராண்டாவது ஒழுங்காக ஏறிப் பழகாதவர்களுக்கு இது வேண்டாம்.

ஏறும்போதே ஓய்வு

1994இல் அமெரிக்காவின் யோசெமிட்டியில், சுமார் 900 மீட்டர் உயர எல் கேபிடன் பாறையின் 'நோஸ்' பாதையைப் பாறையேற்ற வீராங்கனை லின் ஹில் 24 மணி நேரத்துக்குள் ஏறி முடித்தார். கயிறு பாதுகாப்புக்கு மட்டுமே. ஏற்றம் முழுவதும் கைகால்களால். அவ்வளவு நேரமும் முழுப் பலத்தில் இறுக்கிப் பிடிக்க எந்த உடலாலும் முடியாது.

எனவே எடையைக் காலுக்கு மாற்றுங்கள். கையை மடக்காமல் நீட்டித் தொங்குங்கள். பெரிய பிடி கிடைத்தால் ஒரு கையை உதறி விட்டு, சற்று உயர்த்தி, மீண்டும் தாழ்த்துங்கள். மூச்சை அடக்காதீர்கள்.

விரல் சொல்வதைக் கேளுங்கள்

தசை சில வாரங்களில் பலப்படும். தசைநாணும் அதை எலும்போடு பிடித்து வைக்கும் வளையங்களும் பல மாதங்கள் எடுத்துக்கொள்ளும். இந்த இடைவெளியில்தான் காயம் நேர்கிறது. மோதிர விரலின் அடிப்பகுதி வளையம் கிழிவது பாறையேற்றத்தில் அடிக்கடி காணும் காயம். 'டப்' என்ற சத்தமோ, விரலடியில் சுருக்கென்ற வலியோ வந்தால் அன்றோடு நிறுத்தி, எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள்.

வளரும் பிள்ளைகளின் விரலெலும்பில் வளர்ச்சித் தட்டுகள் மூடியிருக்காது. அவர்களுக்கு நடுவிரல் மூட்டில் நீடிக்கும் வலியைச் சுளுக்கு என்று தேய்த்துவிடக் கூடாது. கால் ஊன்றாமல் கையால் மட்டும் தாவும் கேம்பஸ் போர்டு பயிற்சியும் அவர்களுக்கு வேண்டாம்.

பட்டினி உதவாது

எடை குறைந்தால் ஏறுவது எளிது என்று சாப்பாட்டைக் குறைப்பவர்கள் உண்டு. தேவையான சக்தி கிடைக்காத உடலில் எலும்பு பலவீனமாகும், பெண்களுக்கு மாதவிடாய் தடைபடும், காயமும் எளிதில் ஆறாது. பயிற்சிக்கு முன் சோறோ இட்லியோ, பின் பருப்பு, முட்டை, தயிர் என்று வயிறாரச் சாப்பிடுங்கள். கடும் பயிற்சிக்குப் பிறகு 48 மணி நேரம் விரலுக்கு ஓய்வு கொடுங்கள். இதய நோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

இந்த மாதம் ஒரே ஒரு பயிற்சியைச் சேர்ப்பதாக இருந்தால், எளிய பாதையில் அந்த அரை மணி நேரத்தைச் சேருங்கள். மற்றவை அதற்குப் பிறகு.