பைக்குக் காவல் இருந்த அத்தை படகேறினார்

எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால், மறுநாள் காலை கன்னியாகுமரிதான். நாகர்கோவில்காரர்களுக்கு இது எழுதாத சட்டம். விவேகானந்தர் பாறைக்குப் படகேற எல்லோரும் வரிசையில் போய் நிற்க, என் அத்தை (கணவரின் அம்மா) மட்டும் கரையில் ஒரு நிழல் பார்த்து உட்கார்ந்துகொள்வார். தண்ணீர் பாட்டில், முறுக்குப் பொட்டலம், குழந்தைகளின் மாற்றுத்துணி, எல்லாம் அவர் மடியில். "நீங்க பெயிட்டு வாருங்க மக்களே, பையை யாரு பாத்துக்கிடுவா?" என்பார். 1970-ல் பாறையில் மண்டபம் திறந்தார்கள், 2000-ல் 133 அடி வள்ளுவர் சிலை வந்தது, 2024 டிசம்பரில் இரண்டுக்கும் நடுவே கண்ணாடிப் பாலமும் போட்டாகிவிட்டது. அத்தை எல்லாவற்றையும் கரையிலிருந்தே பார்த்தவர். 72 வயதுக்குள் ஒரு தடவைகூடப் படகில் கால் வைத்ததில்லை.

பை என்பது சாக்கு. உண்மையில் பயம்தான். அதுவும் 2004 சுனாமியில் மணக்குடிப் பாலத்தைக் கடல் பெயர்த்துப் போட்டதை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகு, "வெள்ளத்தோட விளையாட்டு வேண்டாம்" என்பது அவருக்கு வேதவாக்கு. இப்படிப்பட்ட அத்தையை எர்ணாகுளத்தில் மாலைப் படகில் ஏற்றிய கதையைத்தான் சகோதரிகளுக்குச் சொல்ல வந்தேன்.

நாங்கள் உல்லாசப் பயணம் போகவில்லை. அத்தையின் கழுத்தில் சின்னதாக ஒரு கட்டி. இங்கே பார்த்த டாக்டர், எதற்கும் எர்ணாகுளத்தில் ஒரு முறை காட்டிவிடுங்கள் என்றார். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. அத்தை, நான், ஆறாவது படிக்கும் என் மகள், மூன்று பேருமாக விடியற்காலை ரயிலேறினோம். ஆஸ்பத்திரியில் ஊசி குத்திப் பரிசோதனைக்கு எடுத்தார்கள். முடிவு மறுநாள் 11 மணிக்கு என்று சொல்லிவிட்டார்கள்.

மணி மூன்று. லாட்ஜ் அறையில் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். அத்தை கழுத்தைத் தொட்டுப் பார்ப்பதும் கையை எடுப்பதுமாக இருந்தார். இப்படியே மறுநாள் வரை இருந்தால் எனக்கே பைத்தியம் பிடித்துவிடும் என்று தோன்றியது. "வாங்க அத்தை, கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வருவோம்" என்று மரைன் டிரைவுக்குக் கூட்டிப்போனேன். படகு என்ற பேச்சையே எடுக்கவில்லை.

மரைன் டிரைவ் காயலை ஒட்டி நடப்பதற்காகவே போட்ட நீண்ட பாதை. ஒரு பக்கம் மாடிக் கட்டடங்கள், ஒரு பக்கம் தண்ணீர். அங்கே போனதும் ஒரு ஆள் ஓடிவந்து, "லாஸ்ட் போட், லாஸ்ட் போட், பாதி ரேட்" என்று கையைப் பிடிக்காத குறையாக அழைத்தார். அவர் காட்டிய படகைப் பார்த்தேன். உட்கார இடமில்லாமல் ஆட்கள் நிற்கிறார்கள். கூரை மேலும் பிள்ளைகள். ஒருவர் உடம்பிலும் லைஃப் ஜாக்கெட் இல்லை.

எனக்கு உடனே தானூர் நினைவுக்கு வந்தது. 2023 மே 7-ஆம் தேதி, மலப்புறம் மாவட்டத்தில், பொழுது சாய்ந்த பிறகு அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிக்கொண்டு போன உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்களே! அதில் பாதிக்கு மேல் குழந்தைகள். மீன்பிடிப் படகைத்தான் மாற்றி உல்லாசப் படகாக்கியிருந்தார்கள் என்று அப்போது பேப்பரில் படித்தேன். "வேண்டாம் அண்ணே" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அத்தைக்கு ஏகத் திருப்தி. "நல்ல காரியம் செஞ்சே மக்களே" என்றார். அவர் நினைத்தது, விஷயம் அத்தோடு முடிந்தது என்று!

மகள் விடவில்லை. அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கொஞ்சம் தள்ளி டிக்கெட் ஜன்னல் வைத்து ஒழுங்காக நடக்கும் படகுகள் இருக்கின்றன. கேரள அரசின் கழகம் நடத்தும் 'சாகரராணி' போன்றவையும் உண்டு. நாங்கள் ஏறிய படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று பலகையில் எழுதியிருந்தது. ஏறும் இடத்திலேயே ஆளுக்கொரு ஜாக்கெட் கொடுத்தார்கள். அத்தை படிக்கட்டில் நின்றுகொண்டு, "நான் இங்கன இரிக்கேன், பையை நான் பாத்துக்கிடுதேன்" என்று ஆரம்பித்தார். என் மகள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "பாட்டி, பை படகுல வருது. நீங்க?" என்றாள். அதற்கு மேல் அத்தைக்குப் பதில் இல்லை.

சேலை கட்டிய பெண்களுக்கு ஒரு வார்த்தை. ஜாக்கெட்டைப் போடும் முன் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். மேலே விட்டால் நாடாவில் மாட்டிக்கொண்டு அவஸ்தைதான். நாடாக்களை எல்லாம் இறுக்கிக் கட்ட வேண்டும். சும்மா தோளில் தொங்கவிட்டால், தண்ணீரில் விழும்போது ஜாக்கெட் மேலே போகும், நாம் கீழே போவோம். குழந்தைகளுக்குச் சின்ன அளவு தனியாக இருக்கும், வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள். என் மகளுக்கு முதலில் பெரியவர்களுடையதைத்தான் கொடுத்தார்கள். கேட்ட பிறகு மாற்றிக் கொடுத்தார்கள்.

படகு கிளம்பியதும் அத்தை கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கை என் மணிக்கட்டில். கண்ணாடி வளையல் அமுங்கி வலித்தது, சொல்லவில்லை. எதிரே போல்காட்டித் தீவில் 1744-ல் டச்சுக்காரர்கள் கட்டிய மாளிகை. அடுத்து வல்லார்பாடம் மாதா கோயில். மைக்கில் பேசிய பையன் மலையாளத்தில் அதன் கதையைச் சொல்லத் தொடங்கியதும்தான் அத்தை கண்ணைத் திறந்தார். அவர் பிறந்தபோது எங்கள் ஊர் திரு-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அவருக்கு மலையாளம் நம் வீட்டுப் பாஷை மாதிரி.

கதை இதுதான். 1752-ல் பள்ளியில் வீட்டு மீனாட்சியம்மா என்ற பெண், கைக்குழந்தையோடு மட்டாஞ்சேரிக்கு வள்ளத்தில் போகும்போது புயல் அடித்து வள்ளம் கவிழ்ந்துவிட்டதாம். வல்லார்பாடத்து மாதாவை வேண்டிக்கொள்ள, மூன்றாம் நாள் தாயும் பிள்ளையும் மீனவர்களின் வலையில் உயிரோடு கிடைத்தார்களாம். பரம்பரையாகச் சொல்லிவரும் கதை. கேட்டுவிட்டு அத்தை கோயில் இருந்த பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். "மாதாவானா என்ன, பகவதியானா என்ன, பிள்ளைய வச்சிட்டு வெள்ளத்துல கெடந்தவ வேண்டினா கேக்காம இரிப்பாளா?" என்றார். என் மணிக்கட்டு அப்போதுதான் விடுபட்டது.

அங்கேயே வல்லார்பாடத்தில் கப்பலில் ஏற்றும் பெரிய இரும்புப் பெட்டிகளைத் தீப்பெட்டி அடுக்கிய மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள். 2025 மே மாதம் கொச்சிக்கு வந்துகொண்டிருந்த ஒரு கப்பல் இப்படி 640 பெட்டிகளோடு நடுக்கடலில் மூழ்கியது நினைவிருக்கிறதா? கப்பலில் இருந்த 24 பேரையும் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் அதிலிருந்து கொட்டிய பிளாஸ்டிக் மணிகள் நம் கன்னியாகுமரி மாவட்டக் கரை வரைக்கும் வந்து ஒதுங்கின. ஜவ்வரிசி போல இருக்கும் அவற்றை மணலிலிருந்து சலித்து எடுக்க எத்தனை பாடு! ஒரு பெட்டி எவ்வளவு பெரிது என்று பக்கத்தில் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

படகு அழிமுகத்தை, அதாவது காயல் கடலோடு சேரும் வாசலை, நெருங்கியது. இடது பக்கம் ஃபோர்ட் கொச்சி, வலது பக்கம் வைப்பின். 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம்தான் இந்த வாசலைத் திறந்துவிட்டது என்று சொல்கிறார்கள். நாம் பள்ளியில் படித்த முசிறித் துறைமுகம், யவனர்கள் பொன்னைக் கொடுத்து மிளகு வாங்கிப்போனார்களே அந்த முசிறி, அதே வெள்ளத்தில் மண் மூடிப்போனதாம். ஒரு வாசல் அடைபட, ஒரு வாசல் திறந்திருக்கிறது.

கரையோரம் சீன வலைகள். புத்தகத்தில் படமாகப் பார்த்திருக்கிறேன், வேலை செய்வதைப் பார்த்ததில்லை. பெரிய மரச்சட்டத்தின் ஒரு முனையில் விரித்த வலை, மறு முனையில் கயிறு கயிறாகக் கருங்கல் தொங்குகிறது. நாலைந்து பேர் சேர்ந்து இழுக்க, கல்லின் பாரத்தில் வலை மெதுவாக எழும்புகிறது. "இது நம்ம துலா மாதிரில்லா இருக்கு!" என்று அத்தை எழுந்தே நின்றுவிட்டார். சின்ன வயதில் அவர் அப்பா வயலுக்குத் துலாவில் தண்ணீர் இறைத்ததைப் பார்த்தவர். வலையில் வந்தது என்னவோ ஒரு கை மீன்தான். சூரியன் நேராக அந்த வலைகளுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நிறத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. பழுத்த செந்துளுவன் பழத்தோல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரத்தில்தான் அது நடந்தது. யாரோ "டால்பின், டால்பின்!" என்று கத்தினார்கள். அழிமுகத்தில் டால்பின் வருவது உண்டு. அவ்வளவுதான், மேல்தட்டில் இருந்தவர்கள் எல்லோரும் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஒரே பக்கமாக ஓடினார்கள். போட்டோவுக்காக ஜாக்கெட்டைக் கழற்றி வைத்தவர்களும் அதில் உண்டு. படகு அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. என் காலடியில் இருந்த தண்ணீர் பாட்டில் உருண்டு போனது. படகுக்காரர்கள் விசில் ஊதுகிறார்கள், யார் கேட்கிறார்கள்?

அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு வயலில் ஆளைக் கூப்பிடும் குரலில், "இரிங்க மக்களே, இரிங்க! எல்லாரும் அவங்கவங்க எடத்துல இரிங்க!" என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள்! 'இரி' என்றால் எங்கள் ஊரிலும் உட்கார்தான், மலையாளத்திலும் உட்கார்தான். பாதிப் பேர் சட்டென்று உட்கார்ந்துவிட்டார்கள். மீதிப் பேரைப் படகுக்காரர்கள் வந்து உட்கார வைத்தார்கள். படகு நேரானது. எல்லாம் ஒரு நிமிஷம்கூட இருக்காது. என் மகளை நான் எப்போது இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது.

2009 செப்டம்பர் 30-ல் தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தபோதும், காட்டு மிருகங்களைப் பார்க்க எல்லோரும் ஒரு பக்கமாகப் போனதைத்தான் ஒரு காரணமாகச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்த பிறகு என் மகளுக்கு இதை வாளித் தண்ணீரில் காட்டினேன். ஒரு தட்டை மிதக்கவிட்டு நடுவில் எலுமிச்சம்பழத்தை வைத்தால் மிதக்கிறது, ஓரத்துக்கு நகர்த்தினால் தண்ணீர் ஏறி முழுகிவிடுகிறது. நீங்களும் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுங்கள், ஆயிரம் தடவை சொல்வதைவிட மனதில் பதியும்.

திரும்பும் வழியில் வெலிங்டன் தீவு. கடவுள் படைத்த தீவு அல்ல, மனுஷன் போட்டது. அழிமுகத்தை அடைத்துக் கிடந்த மணல் திட்டால் பெரிய கப்பல்கள் உள்ளே வர முடியாமல் இருந்தது. 1920-ல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற இன்ஜினியர் மண்ணைத் தோண்டி வழி உண்டாக்கி, அள்ளிய மண்ணையே ஓரிடத்தில் கொட்டித் தீவாக்கினார். 1928 மே 26-ல் 'பத்மா' என்ற கப்பல் முதலில் உள்ளே வந்தது. 262 மீட்டர் நீளமுள்ள 'விக்ராந்த்' போர்க்கப்பலைக் கட்டியதும் இந்தக் கொச்சியில்தான். 2022-ல் கடற்படையில் சேர்த்தார்கள். இருட்டிவிட்டதால் எங்களுக்கு அந்தப் பக்கம் விளக்குகள்தான் தெரிந்தன. எங்களுக்குக் குறுக்கே பேட்டரியில் ஓடும் வாட்டர் மெட்ரோ படகு சத்தமே இல்லாமல் போனது. 2023-ல் தொடங்கியது. அதில் ஆபீஸ் விட்டு வீடு திரும்பும் பெண்கள் டிபன் பாக்ஸ் பையோடு உட்கார்ந்திருந்தார்கள். நமக்குக் காட்சி, அவர்களுக்கு நம் டவுன் பஸ் மாதிரி.

அத்தை பையிலிருந்து முந்திரிக்கொத்துப் பொட்டலத்தை எடுத்துப் பக்கத்தில் இருந்த குழந்தைகளுக்கெல்லாம் கொடுத்தார். டால்பினைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "எங்க பாக்க? நான் உன்னையும் பிள்ளையையும்லா பாத்தேன்" என்றார். அன்று இரவு அவர் கழுத்தைத் தொட்டுப் பார்க்கவே இல்லை. நன்றாகத் தூங்கினார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

மறுநாள் முடிவு வந்தது. பயப்படும்படி ஒன்றும் இல்லை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்டினால் போதும் என்றார்கள்.

ஊருக்கு வந்ததும் என் கணவரிடம் அத்தை கேட்ட முதல் கேள்வி, "பாறைக்குப் போட்டு எத்தன மணி வரைக்கும்டே?" என்பது. அடுத்த ஞாயிறே போனோம். அன்று பார்த்துக் கடல் சீற்றம், படகை நிறுத்திவிட்டார்கள். அத்தை வழக்கமான நிழலில் உட்கார்ந்து பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார். பை மட்டும் என் கணவர் மடியில் இருந்தது.

- இல்லத்தரசி வாசகி, நாகர்கோவில்