ஒரு ஊரில் வீடு கட்டத் தடை... இன்னொரு ஊரில் பள்ளிகளுக்குப் பூட்டு: டெக்சாஸின் காலின் கவுண்டியில் என்ன நடக்கிறது?

அமெரிக்காவிலேயே மிக வேகமாக வளரும் ஊர் என்று பெயர் எடுப்பது எந்த ஊருக்கும் பெருமைதான். ஆனால் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கும் பிரின்ஸ்டன் என்ற சின்ன நகரம், அந்தப் பட்டம் கைக்கு வருவதற்கு முன்பே "போதும், இப்போதைக்குப் புது வீட்டுத் திட்டம் எதுவும் வேண்டாம்" என்று கதவைச் சாத்திவிட்டது. 2024 செப்டம்பரில் நகர மன்றம் தடை போட்டது. 2025 மே மாதம்தான் பட்டம் வந்தது.

இதே 2024-ல், இதே கவுண்டியில் இருக்கும் பிளேனோ நகரில் நிலைமை தலைகீழ். அங்கே பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, பிள்ளைகள் போதவில்லை. அதனால் 4 பள்ளிகளை மூடுவதாக அந்த ஆண்டு ஜூன் மாதம் பள்ளி நிர்வாகம் முடிவெடுத்தது.

ஒரே கவுண்டிக்குள் ஒரு ஊர் கூட்டத்தால் திணறுகிறது, இன்னொரு ஊர் ஆள் குறைந்து வகுப்பறையைப் பூட்டுகிறது. இது எப்படி?

கவுண்டின்னா என்ன?

நம்ம ஊர் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். மாநிலத்துக்குக் கீழே வரும் நிர்வாகப் பிரிவு. ஆனால் கலெக்டர் கிடையாது. டெக்சாஸில் ஒவ்வொரு கவுண்டியையும் மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு 'கவுண்டி ஜட்ஜ்', 4 கமிஷனர்கள் என 5 பேர் கொண்ட குழு நடத்துகிறது. பெயரில்தான் ஜட்ஜ், அன்றாட வேலை பெரும்பாலும் நிர்வாகம்தான்.

கவுண்டிக்குள் இருக்கும் ஊர்களுக்குத் தனித்தனி நகர மன்றம் உண்டு. தண்ணீர், தெரு, போலீஸ் எல்லாம் அவர்கள் பொறுப்பு. பள்ளிகள் இந்த இரண்டிலும் சேராது. அவற்றுக்கு 'பள்ளி மாவட்டம்' என்று தனி எல்லை, தனி வரி, தனித் தேர்தல். அதனால் ஒரே இடத்தில் வீடு கட்ட அனுமதி கொடுப்பது ஒருவர், அந்த வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பறை கட்ட வேண்டியது இன்னொருவர். பின்னால் வரும் சிக்கலுக்கு இது முக்கியம்.

காலின் கவுண்டி டல்லாஸ் நகரத்துக்கு வடக்கே இருக்கிறது. தலைநகரம் மெக்கின்னி. பிளேனோ, ஃபிரிஸ்கோ, ஆலன் என்று அமெரிக்காவில் சொந்தக்காரர்கள் இருக்கும் பல தமிழ்க் குடும்பங்களுக்குப் பழக்கமான பெயர்கள் எல்லாம் இந்தப் பக்கம்தான். (ஃபிரிஸ்கோவின் ஒரு பகுதி பக்கத்து டென்டன் கவுண்டியில் வருகிறது.) பிரின்ஸ்டன் என்றதும் நியூ ஜெர்சியில் இருக்கும் பல்கலைக்கழக ஊர் நினைவுக்கு வரலாம். அது வேறு, இது வேறு.

60 வருஷம் தேய்ந்த கவுண்டி

இன்று வளர்ச்சிக்கு உதாரணமாகக் காட்டப்படும் காலின் கவுண்டி ஒரு காலத்தில் ஆட்களை இழந்துகொண்டிருந்தது. 1900-ல் இங்கே சுமார் 50 ஆயிரம் பேர் இருந்தார்கள். 1960-ல் அது 41 ஆயிரம்தான். கரிசல் மண், பருத்தி விவசாயம் என்று இருந்த பூமி. விவசாயத்தில் ஆள் தேவை குறையக் குறைய, மக்கள் டல்லாஸ் போன்ற நகரங்களைத் தேடிப் போனார்கள்.

1960-களில் காற்று திசை மாறியது. டல்லாஸ் நகரம் வடக்கே பரவ ஆரம்பித்தது. அதன்பிறகு நடந்தது இதுதான்:

• 1990: 2.64 லட்சம் பேர்
• 2000: 4.9 லட்சம்
• 2010: 7.8 லட்சம்
• 2020: 10.6 லட்சம்
• 2024 மதிப்பீடு: சுமார் 12.5 லட்சம்

முப்பதே வருஷத்தில் நான்கு மடங்கு. 2020-க்குப் பிறகு மட்டும் கிட்டத்தட்ட 1.9 லட்சம் பேர் கூடியிருக்கிறார்கள். நாள் கணக்கில் பார்த்தால் தினமும் சராசரியாக 120 பேர்.

எல்லா ஊரும் ஒன்றாக வளரவில்லை

கவுண்டியின் மொத்தக் கணக்கை மட்டும் பார்த்தால் ஒரே சீராக ஏறும் கோடு போலத் தெரியும். ஊர் ஊராகப் பிரித்துப் பார்த்தால் கதை வேறு. வளர்ச்சி என்பது தெற்கில் இருந்து வடக்கே நகரும் அலை மாதிரி போயிருக்கிறது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு காலம்.

பிளேனோ: டல்லாஸுக்குப் பக்கத்தில் இருப்பதால் முதல் அலை இங்கேதான். 1960-ல் 3,695 பேர். 1970-ல் 17,872. அடுத்த பத்தே வருஷத்தில் 72 ஆயிரத்தைத் தாண்டியது. 2000-ல் 2.22 லட்சம். அதன்பிறகு வேகம் குறைந்துவிட்டது. 2010-லிருந்து 2020 வரை கூடியது சுமார் 10 சதவீதம்தான்.

ஃபிரிஸ்கோ: பிளேனோ நிறைந்ததும் அடுத்தது இது. 1990-ல் சுமார் 6 ஆயிரம் பேர் இருந்த ஊர், 2000-ல் 33,714, 2010-ல் 1,16,989, 2020-ல் 2,00,509 என்று ஏறியது.

செலைனா, பிரின்ஸ்டன், அன்னா: இப்போதைய அலை இங்கே. 2010-ல் 6,028 பேர் இருந்த செலைனா 2024-ல் 51 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. பிரின்ஸ்டனில் 2010-ல் 6,807, 2020-ல் 17,027, 2024-ல் 37,019.

அமெரிக்க மக்கள்தொகை கணக்கெடுப்புத் துறை 2025 மே மாதம் வெளியிட்ட பட்டியலில், 20 ஆயிரம் பேருக்கு மேல் உள்ள ஊர்களில் 30.6 சதவீத வளர்ச்சியுடன் பிரின்ஸ்டன் முதலிடம். அதற்கு முந்தைய ஆண்டு முதலிடம் பிடித்தது செலைனா.

அலை எந்த வழியாகப் போகிறது?

பெரும்பாலும் ரோடு வழியாகத்தான். யு.எஸ். 75 நெடுஞ்சாலை பிளேனோ, ஆலன், மெக்கின்னி, அன்னா என்று ஊர்களைக் கோத்துக்கொண்டு வடக்கே போகிறது. டல்லாஸ் நார்த் டோல்வே என்ற சுங்கச்சாலை பிளேனோவின் மேற்குப் பகுதி வழியாக ஃபிரிஸ்கோ, பிறகு செலைனா பக்கம் போகிறது. இரண்டையும் கிழக்கு மேற்காக வெட்டிப் போவது யு.எஸ். 380. பிரின்ஸ்டன் அந்த ரோட்டில், மெக்கின்னிக்குக் கிழக்கே இருக்கிறது.

ரோட்டோடு சேர்ந்து வேலையும் வந்தது. டொயோட்டா நிறுவனம் கலிஃபோர்னியாவில் இருந்த தன் வட அமெரிக்கத் தலைமையகத்தை பிளேனோவுக்கு மாற்றி 2017-ல் திறந்தது. டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது என்பதும் ஒரு ஈர்ப்பு. ஐ.டி. வேலைக்காக வந்த இந்தியக் குடும்பங்களும் இந்த வளர்ச்சியில் பெரும் பங்கு. 2020 கணக்கின்படி ஃபிரிஸ்கோவில் சுமார் நான்கில் ஒருவர் ஆசிய வம்சாவளி. கவுண்டியில் வாழும் ஆசியர்களில் இந்தியர்களே அதிகம்.

வேலை பிளேனோவிலும் ஃபிரிஸ்கோவிலும் இருக்கிறது, ஆனால் அங்கே வீட்டு விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அப்போ சின்னக் குழந்தைகளோடு இருக்கும் குடும்பம் என்ன செய்யும்? கட்டுப்படியாகும் விலையில் வீடு கிடைக்கும் வரை இன்னும் தள்ளித் தள்ளிப் போகும். அப்படிப் போய் நிற்கும் இடம்தான் பிரின்ஸ்டன்.

பிரின்ஸ்டன் ஏன் தடை போட்டது?

வீடு ஆறு மாதத்தில் எழும்பும். தண்ணீர்க் குழாயும், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும், அகலமான ரோடும் அப்படி வராது. இதுதான் அடிப்படைச் சிக்கல்.

தண்ணீரையே எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பகுதிக்கு மொத்தமாகத் தண்ணீர் தருவது நார்த் டெக்சாஸ் முனிசிபல் வாட்டர் டிஸ்ட்ரிக்ட் என்ற அமைப்பு. லவோன் ஏரி அதன் பழைய ஆதாரம். கூடுதல் தேவைக்காக ஃபானின் கவுண்டியில் போ டார்க் என்ற புது ஏரி கட்டப்பட்டது. 2018-ல் வேலை தொடங்கி, 2023-ல்தான் அதிலிருந்து தண்ணீர் வர ஆரம்பித்தது. அனுமதி வாங்க அதற்கு முன்னால் ஆன காலம் தனி. ஏரியில் தண்ணீர் இருந்தாலும், அதை ஊருக்குள் கொண்டுவரும் குழாய், தொட்டி, பம்ப் எல்லாம் அந்தந்த ஊர் போட வேண்டும்.

ரோடு நிலைமையும் அதுதான். யு.எஸ். 380-தான் பிரின்ஸ்டனின் பிரதான சாலை. காலையில் வேலைக்குப் போகும் கூட்டம் முழுக்க அதில்தான். புறவழிச்சாலைத் திட்டம் இருக்கிறது, ஆனால் காகிதத்தில் இருந்து தரைக்கு வர வருஷங்கள் ஆகும்.

இந்த நிலையில்தான் 2024 செப்டம்பரில் புது வீட்டுத் திட்டங்களுக்கு 120 நாள் தடை வந்தது. டெக்சாஸ் சட்டப்படி 'கூட்டம் பிடிக்கவில்லை' என்று சொல்லித் தடை போட முடியாது. தண்ணீர், கழிவுநீர், ரோடு போன்ற அத்தியாவசிய வசதி பற்றாக்குறை என்று நிரூபிக்க வேண்டும். 120 நாள் முடிந்தும் குறை தீராததால் தடை நீட்டிக்கப்பட்டது. ஆனால் ஏற்கெனவே அனுமதி வாங்கிய வீடுகளைத் தடை தொடவில்லை. அதனால்தான் தடை இருந்தபோதும் ஊர் வளர்ந்துகொண்டே போனது.

பில்டர்களிடம் பணம் வாங்க முடியாதா? முடியும். தண்ணீர், கழிவுநீர், மழைநீர் வடிகால், ரோடு ஆகியவற்றுக்கு மட்டும் ஒரு கட்டணம் வசூலிக்க சட்டம் அனுமதிக்கிறது. போலீஸ் நிலையம், தீயணைப்பு நிலையம், பள்ளி இவற்றுக்கு அந்தக் கட்டணத்தை வாங்க முடியாது. பள்ளி கட்ட வேண்டுமானால் பள்ளி மாவட்டம் கடன் பத்திரம் வெளியிட வேண்டும், அதற்கு மக்கள் ஓட்டுப் போட்டு ஒப்புதல் தர வேண்டும்.

பிளேனோவில் பிள்ளைகள் எங்கே போனார்கள்?

2011-12 வாக்கில் பிளேனோ பள்ளி மாவட்டத்தில் 55 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் படித்தார்கள். இப்போது 50 ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது.

ஊரின் மக்கள்தொகை குறையவில்லை, மாணவர்கள்தான் குறைந்திருக்கிறார்கள். 1980-களில் வீடு வாங்கிய பெற்றோர் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள், பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள். அந்த வீடு விற்பனைக்கு வந்தாலும் இளம் தம்பதிக்கு விலை கட்டுப்படியாகாது. பிறப்பு விகிதமும் குறைந்துவிட்டது. டெக்சாஸில் பள்ளிக்கு வரும் மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் நிதி கணக்கிடப்படுகிறது. பிள்ளை வேறு மாவட்டத்துக்குப் போனால் பணமும் கூடவே போகும். கட்டடத்துக்கான செலவு மட்டும் அப்படியே நிற்கும்.

அப்படிப் பார்த்தால் பிளேனோவில் மூடிய வகுப்பறையும், பிரின்ஸ்டனில் போதாத தண்ணீர்க் குழாயும் ஒரே நகர்வின் இரண்டு முனைகள்.

சதவீதத்தை எப்படிப் படிக்கணும்?

'வேகமாக வளரும் ஊர்' பட்டியலைப் பார்க்கும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும்.

ஒன்று, சின்ன ஊருக்கு சதவீதம் சீக்கிரம் எகிறும். பிரின்ஸ்டனின் 30.6 சதவீதம் என்பது சுமார் 8,700 பேர். அதே ஆண்டில் நியூயார்க் நகரில் 87 ஆயிரம் பேர் கூடினார்கள், ஆனால் அது வெறும் 1 சதவீதம்தான். அதற்காக 8,700 சின்ன எண் என்று சொல்லிவிட முடியாது. 28 ஆயிரம் பேருக்கான வசதியில் ஒரே வருஷத்தில் அவ்வளவு பேர் கூடினால் என்ன ஆகும் என்பதற்குத்தான் பிரின்ஸ்டன் சாட்சி.

இரண்டு, இவை தலை எண்ணிய கணக்கு கிடையாது. அமெரிக்காவில் 10 வருஷத்துக்கு ஒருமுறைதான் நேரடிக் கணக்கெடுப்பு. கடைசியாக நடந்தது 2020-ல். இடைப்பட்ட ஆண்டுகளில் பிறப்பு, இறப்பு, இடம்பெயர்வு இவற்றை வைத்துக் கவுண்டிக்கு மதிப்பீடு போடுகிறார்கள். பிறகு எந்த ஊரில் எத்தனை வீடு இருக்கிறது என்று பார்த்து அதை ஊர்களுக்குப் பிரிக்கிறார்கள். அதனால் வீடு கட்டுவது நின்றால், சில ஆண்டுகளில் அந்த ஊரின் எண்ணும் அடங்கிவிடும்.

அடுத்து என்ன?

இன்று செலைனாவிலும் பிரின்ஸ்டனிலும் குடியேறுவது பெரும்பாலும் ஒரே வயது இளம் குடும்பங்கள். அவர்களுக்காக இப்போது அவசரமாகப் பள்ளி கட்டியாக வேண்டும். பிளேனோவும் ஒரு காலத்தில் அப்படித்தான் கட்டியது. பிள்ளைகள் எல்லாம் ஒன்றாகப் பள்ளி முடிக்கும் நாள் அந்த ஊர்களுக்கும் வரும்.

அங்கே வீடு வாங்க நினைப்பவர்கள் விலையையும் பள்ளியின் தரத்தையும் விசாரிப்பது வழக்கம். தண்ணீர் இணைப்புக்கு ஊரிடம் இடம் இருக்கிறதா, அலுவலகம் போகும் ரோடு எப்போது அகலமாகும், பக்கத்துப் பள்ளியில் மாணவர் எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா என்ற மூன்று கேள்வியையும் சேர்த்துக் கேட்டுவிடுவது நல்லது. அடுத்த நேரடிக் கணக்கெடுப்பு 2030-ல். அலை அதற்குள் எந்த ஊரில் போய் நிற்கிறது என்பது அப்போது தெரியும்.