மழையும் நிழற்படமும்

வையை எனப் பழைய நூல்கள் கூறும் வைகையாற்றின் தென்கரையை அடுத்து, மதுரை மாநகரின் வடபால், சிம்மக்கல் என்னும் பகுதி உள்ளது. யான் நெடுங்காலமாகக் குடியிருந்து வரும் இடம் அது. ஆற்றில் மணல் தோன்றும் நாள்களே மிகுதி; நீர் தோன்றும் நாள்கள் சில. இவ்வாற்றையும், அதன் குறுக்கே கிடந்த தாழ்ந்த பாலத்தையும், அப்பாற் காணும் நகரையும் 1858-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருவர் நிழற்படமாக எடுத்துள்ளார். நகருக்கு வடகிழக்கே ஒத்தக்கடையில் படுத்த களிறு போல விளங்கும் யானைமலையையும் அவர் படம் பிடித்தார். அவர் பெயர் லின்னேயஸ் டிரைப் என்பது. கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைப் படையில் பணியாற்றியவர். 1856-இல் சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராக அமர்த்தப்பெற்றவர்.

கைப்பேசியை எடுத்த அளவில் படம் பிடிக்கும் இக்கால மாணவர்கள், அவர் பட்ட பாட்டினை எளிதில் உணர இயலாது. நல்ல தாளை மெழுகில் தோய்த்து ஒளி ஊடுருவுமாறு செய்தல் வேண்டும். பின்னர் வெள்ளி உப்புக்களைச் சேர்த்து, இருளிற் பாதுகாத்தல் வேண்டும். அத்தாளைப் பெரிய மரப்பெட்டி போன்ற கருவியினுள் வைத்து, நெடுநேரம் ஒளி புகவிட்டால்தான் உருவம் பதியும். அந்நேரத்திற் காற்று வீசினால் மரத்தின் இலைகள் அசைந்து, படத்திற் புகைபோல் மங்கிவிடும். வெப்பம் மிகுந்தால் தாள் பழுதுறும். மழை பெய்தாலோ, பெட்டியை மூடிக் கூடாரத்துள் முடங்குவதன்றி வேறு வழியில்லை.

இத்துன்பத்தை டிரைப் முன்னரே நன்கு அறிந்திருந்தார். 1855-ஆம் ஆண்டில் பர்மா நாட்டு அரசனிடம் சென்ற தூதுக்குழுவோடு அவரும் சென்றார். ஆகஸ்டுத் திங்களிற் புறப்பட்ட பயணம் அது. அந்நாட்டிற்கோ அது மழைக்காலம். காலத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தூதுக்குழுவுக்கு உரியதேயன்றி, நிழற்படக்காரருக்கு உரியதன்று. முகிலும் நோயும் அவருடைய நாள்கள் பலவற்றைக் கவர்ந்துகொண்டன. எஞ்சிய நாள்களில் எடுத்தவற்றுள் 120 படங்களை அவர் பின்னர் வெளியிட்டார். தென்னாட்டுப் பயணத்திற்கு அவர் புறப்பட்டதோ 1857 டிசம்பரில். மதுரையிற் படமெடுத்தது ஜனவரி, பிப்ரவரித் திங்கள்களில். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கோடை முற்றாத அந்தத் தை, மாசிக் காலத்தைவிட மதுரைச் சமவெளியிற் படமெடுக்க ஏற்ற காலம் வேறில்லை.

அவர் படங்களில் மற்றொரு செய்தியும் உண்டு. அக்காலத்து வெள்ளி உப்பு நீலநிறத்திற்கு மிக விரைந்து இடங்கொடுக்கும் இயல்பினது; ஆதலின் வானம் முழுவதும் வெறும் வெண்மையாய்ப் போய்விடும். டிரைப் தூரிகையை எடுத்து, மறிநிலைத் தாளின்மேல் முகில்களைத் தாமே தீட்டினார். இது பொய்யன்றோ என மாணவர் வினவலாம். எனக்கும் அது முழுதும் உடன்பாடன்று. ஆயினும் அவர் மலையைப் பெயர்த்து வைக்கவில்லை. கருவியின் குறையைக் கையால் நிரப்பினார் என்று அமைதி கொள்கின்றேன்.

நிற்க. மலையும் பாலமும் தை மாதம் வரை காத்திருக்கும், பறவைகள் காத்திரா. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் மழை பெய்து ஏரி, குளங்கள் நிரம்பிய பின்னரே நீர்ப்பறவைகள் நம் பகுதிக்கு வந்து கூடு கட்டுகின்றன. அவற்றைப் படம் பிடிக்க விரும்புவோர் மழையோடு உறவு கொண்டே ஆகவேண்டும். மதுரையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரை அடுத்து, வேட்டங்குடிப் பறவைகள் புகலிடம் உள்ளது. 1977-இல் புகலிடமாக அறிவிக்கப்பெற்றது. வேட்டங்குடி, பெரிய கொள்ளுக்குடி, சின்னக் கொள்ளுக்குடி என்னும் மூன்று கண்மாய்களும் அதில் அடங்கும். பறவைகள் அஞ்சுமே என்று, அவ்வூரார் தீபாவளி நாளிலும் வெடி வெடிப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகையில் என் மகள்வயிற்றுப் பேரன் என்னை அங்கு அழைத்துச் சென்றான். புதிதாக ஒரு கருவி வாங்கியிருந்தான். முதல்நாள் இரவு குளிரூட்டிய அறையொன்றில் தங்கினோம். விடியற்காலையிற் கண்மாய்க் கரையில் நின்று கருவியை வெளியே எடுத்தான். எடுத்த கணமே அதன் கண்ணாடி வில்லை முழுவதும் வெண்பனி படர்ந்தாற்போல் மூடிக்கொண்டது. துடைத்தான்; மீண்டும் மூடிற்று. சினந்து மீண்டும் துடைத்தான். குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் புறத்தே நீர்த்துளி அரும்புவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஈரக்காற்றில் உள்ள நீராவி குளிர்ந்த பொருளைத் தொட்டதும் துளியாகும் அவ்வியல்பே இங்கும் நிகழ்ந்தது. கருவியைப் பையினுள்ளேயே மூடி வைத்து, அரைமணி நேரம் வெளிவெப்பத்தை அடையவிட்டுப் பின்னர்த் திறந்திருப்பின் இத்தொல்லை இராது. அவன் துடைத்துக்கொண்டு நின்ற வேளையில் கதிரவன் ஒருமுறை முகிலிடையே எட்டிப் பார்த்து மறைந்தான். அன்று கிடைத்த வெயில் அவ்வளவே.

பின்னர் மழை தொடங்கிற்று. தொலைவில் மின்னல் தோன்றியது. மின்னலைக் கண்டதும் ஒன்று, இரண்டு என நொடிகளை எண்ணுதல் நலம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதாகலின், மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் எனக் கணக்கிடலாம். முப்பது நொடிக்குள் இடியோசை கேட்குமாயின், இடி நமக்கு அணித்தே உள்ளது. அப்போது வெட்டவெளியான கண்மாய்க் கரைமேல் நிற்றலும், தனித்த பனைமரத்தடியில் ஒதுங்குதலும் உயிருக்குக் கேடு. நாங்கள் ஊருக்குள் சென்று ஒரு வீட்டின் திண்ணையில் ஒரு மணி நேரத்திற்கு மேல் அமர்ந்திருந்தோம். இடி முற்றும் நீங்கி, மழை மட்டும் சிறு தூறலாய் நின்றபோது கரைக்கு மீண்டோம்.

நீரில் நின்ற கருவேல மரமொன்றின்மேல் நத்தைகுத்தி நாரை ஒன்று தன் சிறகுகளைக் குடைபோல் விரித்துக் குஞ்சுகளை மூடிக்கொண்டு நின்றது. பேரனுக்கு ஆவல் மிகுந்தது. காலணியைக் கழற்றிவிட்டு நீரில் இறங்க முற்பட்டான். கரையில் நின்ற முதியவர் ஒருவர் அவன் தோளைப் பற்றினார்.

"தம்பி, கிட்டே போனால் தாய் எழுந்துவிடும். குஞ்சு நனைந்து விறைத்துப் போகும்" என்றார்.

"ஐந்தே நிமிடம், ஐயா" என்றான் இவன்.

"அது சாவதற்கு அந்த ஐந்து நிமிடம் போதும்" என்று கூறி, அவர் கையை எடுக்கவில்லை.

அவர் கூற்று உண்மை. இறகு முளையாத குஞ்சுக்குத் தன் உடல்வெப்பத்தைத் தானே காக்கும் ஆற்றல் இல்லை. வெயில் நாளில் தாய் சற்று விலகினும் பொறுக்கும். மழை நாளிற் பொறாது. பேரன் என் முகத்தைப் பார்த்தான். யான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் கரையேறி, குடைக்கீழ் நின்று, இருந்த இடத்திலிருந்தே எடுத்தான். நாரை படத்திற் சிறிதாகவே விழுந்தது. ஆயினும் முகில் மூடிய வானத்து ஒளி எல்லாப் பக்கமும் பரந்து விழுவதால், வெயிலில் வெளுத்துப் போகும் வெண்சிறகின் மடிப்பெல்லாம் தெளிவாகத் தெரிந்தன. ஒளி புகும் நேரத்தைச் சிறிது நீட்டி வைத்தமையால் மழைத்தாரைகள் மெல்லிய கோடுகளாய்ப் பதிந்தன.

வீடு திரும்பியதும் நனைந்த கருவியை அரிசிப் பானையிற் புதைக்க என் மகள் முற்பட்டாள். பலரும் செய்வது இது, ஆயினும் பயனில்லை. அரிசி ஈரத்தை மிகக் குறைவாகவே உறிஞ்சும். அதன் மாவோ நுண்ணிய இடுக்குகளிற் புகுந்து கேடு விளைக்கும். மின்கலத்தைக் கழற்றிவிட்டு, உலர்ந்த துணியால் ஒற்றி, சிலிக்கா ஜெல் மணிகள் இட்ட மூடிய பெட்டியில் வைத்தலே முறை. ஈரம் நெடுநாள் தங்கினால் வில்லையின் உட்புறத்தே பூஞ்சணம் சிலந்தி வலைபோற் படரும். பின்னர் அதனை நீக்குதல் அரிது.

தமிழகத்துக் கானுயிர்களைப் படம் பிடித்தோருள் மா. கிருஷ்ணன் (1912–1996) என்பாரை இங்கு நினைத்தல் தகும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனாகிய அவர், கருப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். பல கருவிகளின் உறுப்புக்களைக் கொண்டு தாமே இணைத்த கனத்த கருவியொன்றைக் காட்டுக்குச் சுமந்து சென்றார். காட்டு யானைகளைக் கண்டு எடுத்த அவர் படங்கள் புகழ் பெற்றவை. கருப்பு வெள்ளையில் எடுப்போர்க்கு மேகமூட்டம் அத்துணைப் பகையன்று என்பதும் ஒரு நலம். வண்ணம் மங்கினும் உருவம் மங்குவதில்லை.

டிரைப்புக்கு நேர்ந்த பெருந்தடை இறுதியில் வானத்திலிருந்து வரவில்லை. 1859-இல் சென்னை ஆளுநராய் வந்த சார்லஸ் டிரெவெலியன், நிழற்படப் பணியை வீண்செலவாகக் கருதி நிறுத்தச் செய்தார். அதற்குள், தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒரே நெடும்படமாக இணைத்தது உள்ளிட்ட பணிகளை டிரைப் முடித்திருந்தார். அவர் மழை ஓயுமுன் மதுரைக்கு வந்திருந்தாலும், வந்தபின் காலந்தாழ்த்தியிருந்தாலும், நம் ஆற்றின் அப்பழைய தோற்றம் நமக்குக் கிடைத்திருக்குமோ என எண்ணுவதுண்டு.

இப்பொழுது சிம்மக்கல்லை அடுத்த ஆற்றில் வெள்ளம் வருவதைப் படம் பிடிக்க இளைஞர் பலர் கூடுகின்றனர். ஆண்டிபட்டிக்கு அணித்தே 1959-இல் திறக்கப்பெற்ற வைகை அணையிலிருந்து மிகுதியாக நீர் விடப்படுமாயின், இங்கு மழை ஒரு துளியும் பெய்யாதிருக்கும்போதே தாழ்ந்த பாலங்கள் மூழ்கிவிடும். ஆதலின் அந்நாள்களில் ஆற்று மணலில் இறங்காமல், உயர்ந்த பாலத்தின் நடைபாதையில் நின்றே படமெடுத்தல் வேண்டும். என் பேரன் சென்ற ஆண்டு அங்கு நின்றுதான் எடுத்தான். நுரை சுழித்தோடும் செந்நீரும், மூழ்கிய தரைப்பாலத்தின் ஒரு விளிம்பும், தொலைவிற் கோபுரங்களும் அதில் உள்ளன.