சுருட்டுக் குறிப்பேடு: சுவையோடு கணக்கையும் சொல்லும் பக்கங்கள்

வெளிநாட்டிலிருந்து திரும்பிய நண்பர் அளித்த சுருட்டு ஒன்று ஒருவருக்கு மிகவும் பிடித்துப் போகிறது. சில மாதங்கள் கழித்து அதையே வாங்கக் கடைக்குச் செல்லும்போது, சிவப்பு நிற வளையம் ஒன்று சுற்றப்பட்டிருந்தது என்பதைத் தவிர வேறெதுவும் அவர் நினைவில் இல்லை. அதே நிற வளையம் சுற்றிய சுருட்டுகள் பல உண்டு. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே, புகைத்த சுருட்டுகளைப் பற்றி ஏட்டிலோ கைப்பேசியிலோ குறித்து வைக்கும் வழக்கம் சுருட்டுப் பிரியர்களிடையே நீண்ட காலமாக இருந்து வருகிறது.

அத்தகைய குறிப்பில் எவையெல்லாம் இடம்பெற வேண்டும்? அது சுவையை நினைவூட்டுவதற்கு மட்டும்தானா? இதோ ஒரு விளக்கம்.

பெயர் மட்டும் போதாது

முதலில் எழுத வேண்டியது பெயர். அதனுடன் தயாரிக்கப்பட்ட நாட்டையும் எழுதுவது அவசியம். கியூபாவில் புரட்சிக்குப் பின் 1960-ம் ஆண்டு சுருட்டுத் தொழிற்சாலைகள் அரசுடைமையாக்கப்பட்டன. நாட்டை விட்டு வெளியேறிய பழைய உரிமையாளர்கள் பலர், அதே பெயர்களில் வேறு நாடுகளில் உற்பத்தியைத் தொடர்ந்தனர். இதனால் ரோமியோ ஒய் ஜூலியட்டா, மாண்டிகிறிஸ்டோ, பார்டகாஸ் ஆகிய பெயர்களில் கியூபாவிலும் சுருட்டு தயாராகிறது. டொமினிக்கன் குடியரசிலும் தயாராகிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் இலை வேறு, கலவை வேறு, சுவையும் வேறு.

கியூபா மீது அமெரிக்கா விதித்த வர்த்தகத் தடையும் இந்தப் பிரிவை நிலைபெறச் செய்தது. 1962-ம் ஆண்டு பிப்ரவரியில் அந்த ஆணையில் கையெழுத்திடுவதற்கு முந்தைய நாள் மாலை, தமக்காக 1,000 கியூபச் சுருட்டுகளை வாங்கி வருமாறு அதிபர் கென்னடி கேட்டுக் கொண்டதாக அவரது செய்திச் செயலாளர் பியர் சாலிஞ்சர் பின்னாளில் தெரிவித்தார். 1,200 சுருட்டுகள் கிடைத்துவிட்டதாக மறுநாள் காலை தாம் கூறிய பிறகே ஆணை கையெழுத்தானது என்பது சாலிஞ்சரின் கூற்று.

அளவும் வடிவமும்

ஒரே பெயரில் பல அளவுகளில் சுருட்டுகள் வருகின்றன. எனவே நீளத்தையும் தடிமனையும் குறிப்பது இரண்டாவது படி. நீளம் அங்குலத்தில் கூறப்படும். தடிமனுக்கு 'ரிங் கேஜ்' என்ற அளவு பயன்படுகிறது. ஓர் அங்குலத்தின் 64-ல் ஒரு பங்கு என்பதே ஒரு ரிங் கேஜ். அதன்படி 50 ரிங் கேஜ் கொண்ட சுருட்டின் குறுக்களவு ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் ஆகும்.

வழக்கிலுள்ள அளவுகளுக்குத் தனிப் பெயர்களும் உண்டு. சுமார் 5 அங்குல நீளமும் 50 ரிங் கேஜ் தடிமனும் கொண்டது 'ரோபஸ்டோ'. 7 அங்குல நீளமும் 47 ரிங் கேஜ் தடிமனும் கொண்டது 'சர்ச்சில்'. தடிமன் மாறும்போது மேலுறை இலைக்கும் உள்ளிருக்கும் இலைகளுக்கும் இடையிலான விகிதம் மாறுவதால் சுவையும் மாறுகிறது.

மூன்று அடுக்கு இலைகள்

சுருட்டு மூன்று பகுதிகளால் ஆனது. நடுவில் பல இலைகளின் கலவை. அதைச் சுற்றிப் பிடிக்கும் கட்டு இலை. வெளியே தெரியும் மேலுறை இலை. மூன்றும் ஒரே நாட்டைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டியதில்லை. மேலுறை வெளிர் பழுப்பாக இருந்தால் 'கிளாரோ' என்றும், செம்பழுப்பாக இருந்தால் 'கொலராடோ' என்றும், கரும்பழுப்பாக இருந்தால் 'மதுரோ' என்றும் அழைக்கப்படுகிறது. பத்துப் பதினைந்து குறிப்புகள் சேர்ந்த பிறகு அவற்றை வரிசையாகப் படித்தால், பிடித்தவை பெரும்பாலும் எந்த மேலுறையைச் சேர்ந்தவை என்பது புலப்படும்.

வளையமும் முத்திரையும்

சுருட்டைச் சுற்றியுள்ள காகித வளையத்தை ஏட்டில் ஒட்டி வைப்பது பழைய வழக்கம். 19-ம் நூற்றாண்டில் ஹவானாவில் தொழில் நடத்திய குஸ்தாவ் பாக் என்பவரே இவ்வளையத்தை அறிமுகப்படுத்தியவர் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. வளையத்தை உடனே உருவினால் மேலுறை கிழியக்கூடும். சுருட்டு சிறிது எரிந்து சூடேறிய பின் பசை இளகும். அப்போது எளிதில் கழன்று வரும்.

பெட்டியாக வாங்குவோர் அதன் அடிப்புறத்தையும் பார்க்க வேண்டும். கியூபப் பெட்டிகளில் தொழிற்சாலைக் குறியீட்டுடன், பெட்டியில் அடுக்கப்பட்ட மாதமும் ஆண்டும் முத்திரையிடப்படுவது வழக்கம். மாதங்கள் ஸ்பானிய மொழிச் சுருக்கத்தில் இருக்கும். 'எனே' என்றால் ஜனவரி. 'அகோ' என்றால் ஆகஸ்ட். 'டிக்' என்றால் டிசம்பர். இந்தத் தேதியைக் குறித்து வைத்தால் சுருட்டின் வயதைக் கணக்கிடலாம். போலிகள் மிகுந்த சந்தையில், எங்கு, என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்ற குறிப்பும் பின்னர் பயன்படும். கண்ணாடி மூடி பொருத்திய பெட்டிகளில் 'கோஹிபா' என்ற பெயரில் சுற்றுலாப் பயணிகளிடம் விற்கப்படுபவை போலிகள் என்பது குறிப்பிடத்தக்கது.

சுவையை எழுதுவது எப்படி?

ஒரே சுருட்டு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சுவையைத் தருவதில்லை. எரிய எரியச் சூடும் காரமும் கூடும். ஆகவே அதை மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் ஒரு வரி எழுதுவது எளிய முறை. இழுப்பு இறுக்கமா, தளர்வா; எரிமுனை சீராகச் சென்றதா, ஒரு பக்கமாகச் சாய்ந்ததா; எவ்வளவு நேரம் நீடித்தது ஆகியவற்றையும் சேர்க்கலாம். உண்ட உணவையும் பருகிய பானத்தையும் குறிப்பது நல்லது. வெறும் வயிற்றில் கசந்த சுருட்டு, உணவுக்குப் பின் இனித்திருக்கக்கூடும்.

பிறர் பயன்படுத்தும் சொற்களைக் கடன் வாங்க வேண்டியதில்லை. வறுத்த கொத்தமல்லி, கருப்பட்டி, ஈர மண், சுக்கு என நமக்குப் பழகிய வாசனைகளால் எழுதப்பட்ட குறிப்பே பின்னாளில் நமக்குப் புரியும். அமெரிக்காவில் 1992-ம் ஆண்டு தொடங்கப்பட்ட 'சிகார் அஃபிசியனாடோ' இதழ் நூற்றுக்கு இத்தனை மதிப்பெண் என்ற முறையைப் பின்பற்றுகிறது. தனிப்பட்ட ஏட்டில் 'மீண்டும் வாங்கலாமா' என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்ற பதிலே போதும்.

பராமரிப்பின் பங்கு

சுவை குறைந்ததற்குச் சுருட்டே காரணமாக இருக்க வேண்டியதில்லை. 65 முதல் 72 விழுக்காடு ஈரப்பதமும், சுமார் 18 முதல் 21 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையும் சுருட்டுக்கு ஏற்றவை. மழைக்கால மும்பையில் ஈரம் மிகுந்து பூஞ்சை படரும்; கோடைக்கால டெல்லியில் இலை காய்ந்து உதிரும். வெப்பம் கூடினால் புகையிலை வண்டின் முட்டைகள் பொரிந்து, சுருட்டுகளில் துளை விழும். எனவே எப்போது வாங்கியது, எப்படி வைத்திருந்தது என்ற விவரமும் குறிப்பில் இடம்பெற வேண்டும்.

துப்பறிவாளரின் பட்டியல்

சுருட்டுகளை வகைப்படுத்திக் குறித்து வைப்பது இலக்கியத்திலும் இடம்பெற்றுள்ளது. ஆர்தர் கோனன் டாயிலின் ஷெர்லாக் ஹோம்ஸ், 140 வகைப் புகையிலைகளின் சாம்பலைப் பற்றிக் கட்டுரை எழுதியவராகச் சித்தரிக்கப்படுகிறார். 1887-ல் வெளியான முதல் ஹோம்ஸ் கதையிலேயே கொலையாளி புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று சாம்பலைக் கொண்டு அவர் கண்டறிகிறார். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் திருச்சிச் சுருட்டு இங்கிலாந்து வாசகர்களுக்கு அறிமுகமான பெயராக இருந்தது என்பதற்கு இது ஒரு சான்று.

ஏடு காட்டும் மற்றொரு கணக்கு

குறிப்பேட்டில் மிக எளிய பகுதி தேதி. மிக முக்கியமானதும் அதுவே. மாதம் ஒன்று என்று நினைத்திருப்பவர், தேதிகளைத் தொடர்ந்து படிக்கும்போது வாரம் மூன்று என்ற உண்மையை எதிர்கொள்ள நேரலாம். நினைவு குறைத்துச் சொல்லும் எண்ணிக்கையை, நேர்மையாக எழுதப்பட்ட ஏடு மறைக்காது.

சுருட்டின் புகையை உள்ளே இழுப்பதில்லை என்பதால் தீங்கில்லை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது தவறு. சிகரெட் ஒன்றில் இருப்பது ஒரு கிராமுக்கும் குறைவான புகையிலை. பெரிய சுருட்டு ஒன்றில் 5 முதல் 20 கிராம் வரை இருக்கக்கூடும். சுருட்டுப் புகை காரத்தன்மை கொண்டிருப்பதால், அதிலுள்ள நிகோடின் வாயின் உட்தோல் வழியாகவே உடலில் கலக்கிறது. வாய், குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றில் புற்றுநோய் ஏற்படச் சுருட்டு காரணமாகிறது என்பது மருத்துவ ஆய்வுகளில் உறுதி செய்யப்பட்டுள்ளது.

உளப்பகுப்பாய்வின் தந்தை சிக்மண்ட் ஃபிராய்டு இதற்கு வரலாற்றுச் சான்று. நாளொன்றுக்குச் சுமார் 20 சுருட்டுகள் புகைத்து வந்த அவருக்கு 1923-ல் வாய்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 30-க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகும் அவரால் சுருட்டை முற்றிலும் விட இயலவில்லை. 1939-ல் அவர் லண்டனில் காலமானார். மாறாக, சுருட்டும் கையுமாகவே உலகம் அறிந்திருந்த ஃபிடல் காஸ்ட்ரோ 1985-ல் அப்பழக்கத்தைக் கைவிட்டார்.

இந்தியாவில் இது செல்வந்தர்களின் பிரச்சினை மட்டுமன்று. ஆந்திரப் பிரதேசத்தின் வடக்குக் கடலோரப் பகுதிகளில், எரியும் முனையை வாய்க்குள் வைத்து 'சுட்டா' எனும் சுருட்டைப் புகைக்கும் பழக்கம், குறிப்பாகப் பெண்களிடையே நீண்ட காலமாக உள்ளது. இதனால் மேல் அண்ணத்தில் புற்றுநோய் ஏற்படுவதை மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகப் பதிவு செய்து வந்துள்ளனர்.

சட்டமும் உதவியும்

2003-ம் ஆண்டின் சிகரெட் மற்றும் இதர புகையிலைப் பொருட்கள் சட்டம் சுருட்டுக்கும் பொருந்தும். 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதும், பொது இடங்களில் புகைப்பதும் தடை செய்யப்பட்டுள்ளன.

எத்தனை ஆண்டுகளாக, எவ்வளவு புகைக்கிறீர்கள் என்பது மருத்துவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. அதற்குத் துல்லியமான விடை குறிப்பேட்டில் இருக்கிறது. இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத வாய்ப்புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டுகள் தென்பட்டால் தாமதமின்றி மருத்துவரை அணுக வேண்டும். பழக்கத்தைக் கைவிட விரும்புவோர் 1800-11-2356 என்ற தேசியக் கட்டணமில்லா உதவி எண்ணைத் தொடர்பு கொள்ளலாம்.

சுவைக்காகத் தொடங்கப்படும் ஏடு, சுவையை மட்டும் பதிவு செய்வதில்லை. அதன் பக்கங்களில் தேதிகளுக்கு இடையிலான இடைவெளி கூடுகிறதா, குறைகிறதா என்பதையும் எழுதியவர் அவ்வப்போது பார்த்துக் கொள்வது நல்லது.